ஊர்த் தோல்

எனக்கு 'அவர்களே' போட்டுப் பேசிய முதல் ஆள் அந்தப் பெட்டிதான்.

"வணக்கம், மாடத்தி அவர்களே. கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொள்ளுங்கள். உங்கள் தோலைப் பார்க்க அனுமதி வேண்டும்" என்றது. வேறு யாராவது மாடத்தி நிற்கிறாளோ என்று நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். ஆவரங்குளத்தில் என்னை டைலர் மாடத்தி என்பார்கள். முதுகுக்குப் பின்னால் வாய்க்காரி என்பார்கள். கையில் படை வந்த பிறகு 'அந்தச் செதில் கைக்காரி' என்று சொன்னவர்களும் உண்டு. அனுமதி கேட்டு என் தோலைப் பார்த்தவர் எவருமில்லை. கேட்காமலே பார்த்து முகத்தைச் சுளித்தவர்கள்தான் அதிகம்.

"பாத்துக்கிடு ராசா" என்றேன். பெட்டி நன்றி சொன்னது.

பெட்டி என்றால் ஊர் ஆஸ்பத்திரியில் வைத்திருந்த, ஒரு ஆள் நிற்கிற அளவு அறை. சுற்றிலும் ஆள் உயரக் குழல் விளக்குகள். எரிந்தால் ஊதா கலந்த நீல வெளிச்சம் வரும். எங்கள் ஊரோ வெயிலுக்குப் பேர்போனது. பங்குனியில் தார் ரோடு செருப்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அப்பேர்ப்பட்ட ஊரில் வெளிச்சத்துக்காக வரிசையில் நிற்கிறோமே என்று எனக்குச் சிரிப்பு. தோல் டாக்டர் ரெஜினாவிடமே கேட்டுவிட்டேன். ஏழு ஊர்ப் பெட்டிகளுக்கு அந்த ஒரு டாக்டர்தான். பாளையங்கோட்டைக்காரி, சின்ன வயசு, முகத்தில் எப்போதும் தூக்கம்.

"வெயில்ல எல்லாம் கலந்து கிடக்கும்மா. சுடுறதும் இருக்கும், ஆத்துறதும் இருக்கும். பெட்டி ஆத்துற கதிரை மட்டும் அளந்து கொடுக்கும். உங்களுக்கு இருக்கிறது சொரியாசிஸ். ஒட்டுவாரொட்டி இல்ல, தொட்டாப் பரவாது. உடம்போட காவல்காரனே திருடன்னு நினைச்சு தோலை அடிக்கிறான். இந்த வெளிச்சம் அவனைக் கொஞ்சம் அடக்கி வைக்கும். ஆனா ஒண்ணு, தோல் கொஞ்சம் கறுக்கும்."

"கறுத்துட்டுப் போகட்டும் டாக்டர். கடைக்கு வாரவங்க கையப் பாத்து ஓடாம இருந்தாப் போதும்."

அதுதான் எனக்கு வேண்டியிருந்தது. எனக்கு இருப்பது ஒரு தையல் மெஷினும் இந்த இரண்டு கைகளும். முழங்கையிலிருந்து விரல்வரை வெள்ளை வெள்ளையாகச் செதில், கீழே சிவந்த தோல், மடக்கினால் வெடிப்பு. பட்டுத்துணியைத் தொட்டால் செதில் இழையைப் பிடித்து இழுக்கும். கறுப்பு ஜாக்கெட் தைத்தால் மாவு சலித்த மாதிரி மேலே உதிர்ந்து கிடக்கும். அளவெடுக்க இஞ்ச் டேப்போடு கிட்டே போனால் பெண்கள் ஓரடி பின்னால் நகர்வார்கள். பிறகு அளவு ஜாக்கெட்டைப் பையில் போட்டுக் கொடுத்துவிட ஆரம்பித்தார்கள், நான் தொட வேண்டாமே என்று. அப்புறம் பையும் வரவில்லை.

பெட்டி செய்யும் வேலையைச் சொல்லிவிடுகிறேன். முதல் நாள் துளி வெளிச்சம் காட்டும். அடுத்த முறை வரும்போது கேமராவால் தோலைப் பார்க்கும். சிவந்திருந்தால் அங்கேயே நிற்கும், சிவக்கவில்லையென்றால் ஒரு படி ஏற்றும். டாக்டர் கை வைக்கிற வேலையே இல்லை. வைக்கத் திருகு கிடையாது, பட்டன் கிடையாது. எல்லா ஊர்ப் பெட்டிகளும் தங்களுக்குள் பேசிக்கொள்ளும், ஒன்று கற்றதை மற்றதும் கற்றுக்கொள்ளும் என்றார்கள்.

அந்த வரிசையில்தான் கோமதி பழக்கமானாள். பேங்கில் வேலை பார்க்கிற பிள்ளை. முதுகிலும் காலிலும் படை. புடவை கட்டினால் வெளியே தெரியாது. அவளும் மற்ற பெண்களும் உள்ளே போகுமுன் ஒவ்வொருவராகக் குளியலறைக்குள் போய்வருவார்கள். பெட்டிக்குப் பயந்து வயிறு கலங்குகிறது போல என்று நினைத்திருந்தேன். ஒரு நாள் கோமதி என் கையில் ஒரு ட்யூபைத் திணித்தாள்.

"யக்கா, லேசா தேச்சுக்கிடுங்க. வெயில் க்ரீம். மேல தெரியாது. கறுக்காது."

"ஏட்டி, கறுக்கதுக்கு இன்னும் எங்கிட்ட என்ன மிச்சம் இருக்கு?"

வரிசை முழுக்கச் சிரித்தது. கோமதியும் சிரித்தாள், ஆனால் ட்யூபை வாங்கி மறுபடி பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"ஒங்களுக்கென்னக்கா. எனக்கு மாப்ள பாத்துட்டு இருக்காங்க. படை போயி கறுப்பு வந்தா எங்கம்மா என்ன சொல்லுவா தெரியுமா? படையே இருந்திருக்கலாம், புடவைக்குள்ள இருந்திருக்கும்னு சொல்லுவா."

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எங்கள் பக்கம் அப்படித்தான். பெண் பார்க்க வந்தவன் படித்த படிப்பைக் கேட்பதற்கு முன்னால் கன்னத்தைப் பார்ப்பான். நான் பார்க்கப்பட்ட காலத்தில் மூன்று பேர் காப்பியைக் குடித்துவிட்டு, போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்று போனவர்கள்தான். அதனால் அந்தப் பிள்ளைகள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. க்ரீம் போட்டாலும் அவர்களுக்குக் குணமாகிக்கொண்டுதான் இருந்தது, கொஞ்சம் மெதுவாக. அதற்கு மேல் யோசிக்க நான் யார்?

எனக்கு வேகமாகவே ஆறியது. கை இன்னும் கறுத்தது, ஆனால் வழுவழுவென்று ஆனது. ஐந்து விரலையும் மடக்கி விரித்து மடக்கி விரித்து நானே பார்த்துக்கொண்டிருப்பேன். பட்டு வழுக்கிக்கொண்டு போனது. பெண்கள் திரும்ப வந்தார்கள், அளவெடுக்கக் கையைத் தூக்கி நின்றார்கள். பெட்டிக்கு ஒரு மாலை வாங்கிப் போடலாமா என்றுகூட நினைத்தேன்.

இந்தப் படை குளிர்காலத்தில் திரும்பவும் எட்டிப் பார்க்கும். கார்த்திகை பிறந்ததும் மணிக்கட்டில் பொடிப் பொடியாக வந்தது. அதே வாரம் கோமதிக்குக் கல்யாணம் நிச்சயமாகி, முகூர்த்த ஜாக்கெட்டை என்னிடம்தான் கொடுத்தாள். தங்கச் சரிகை ஓடிய அரக்குப் பட்டு. அவள் அம்மா சங்கரன்கோவிலில் கொடுக்கலாம் என்று நச்சரித்தாளாம். "யக்காதான் தைக்கணும்" என்று பிள்ளை ஒற்றைக்காலில் நின்றிருக்கிறாள். வேறு எவரும் தன் முதுகைப் பார்க்கக்கூடாது என்பதும் அதில் பாதி. கோமதி ஜாக்கெட்டை நான் நன்றாகத் தைத்தால் தை மாதம் முழுக்க எனக்குக் கல்யாண வேலைதான். கை கெடுமுன் பெட்டிக்கு ஓடினேன்.

"வணக்கம், மாடத்தி அவர்களே. இப்போது உங்கள் ஊர்த் தோலை எனக்கு நன்றாகத் தெரியும். இனி நீங்கள் அடிக்கடி வர வேண்டியதில்லை."

"நல்லது ராசா. எனக்கும் கடையில ஆள் காத்துக்கிடக்கு" என்று கையை நீட்டினேன். முழங்கைக்குக் கீழே தவிர உடம்பு முழுக்கத் துணி, முகத்திலும் துணி. வழக்கத்தைவிட அதிக நேரம் வெளிச்சம் எரிந்தது. கதகதப்பாகத்தான் இருந்தது. வெளியே வந்து, கடைக்குப் போய், கோமதியின் ஜாக்கெட்டுக்கு லைனிங் வெட்டினேன்.

இந்த வெளிச்சம் சுட்டால் உடனே தெரியாது. சாயங்காலம் கை எரிந்தது. மிளகாய் அரைத்த கை மாதிரி இருக்கிறதே என்று தண்ணீரில் வைத்தேன். விடிந்தபோது புறங்கையும் விரல்களும் முழங்கைவரை கொப்புளம். விரல் ஒன்றோடொன்று சேரவில்லை. கதவுத் தாழ்ப்பாளை முழங்கையால் தள்ளித் திறந்து, பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டேன். வாய்க்காரி என்று பெயர் எடுத்தவள் அன்றைக்கு வாய்விட்டு அழுதேன்.

டாக்டர் ரெஜினா கட்டுப்போட்டுக்கொண்டே போலீஸ்காரி மாதிரி கேட்டார்.

"வெயில்ல நின்னீங்களா?"

"இல்ல."

"புதுசா மாத்திரை எதுவும்? கையில எலுமிச்சை, மூலிகைன்னு எதையாவது தேச்சீங்களா?"

"ஒண்ணும் தேய்க்கல டாக்டர். நான் என்னைக்கும் தேச்சதில்ல."

"அப்ப எப்படிம்மா? பெட்டி சரியான அளவுதான் கொடுத்திருக்கு. முன்ன ஆளுக்கு ஒரு கணக்கு வச்சிருந்துச்சு. ஒவ்வொருத்தருக்கும் அடியில இருந்து ஏத்தினா மாசக்கணக்கா ஆகுது, வரிசை குறையலன்னு, இப்ப ஊருக்கு ஒரு கணக்கா மாத்திட்டாங்க. இந்தப் பக்கத்துப் பொம்பளைங்க தோல் இவ்வளவு தாங்கும்னு அது கத்து வச்சிருக்கு. இதே அளவுல எத்தனையோ பேர் நின்னுட்டுப் போயிருக்காங்க. ஒருத்தருக்கும் சிவக்கக்கூட இல்ல."

"க்ரீம் போட்டுட்டு நின்னா எப்படிச் சிவக்கும்?"

டாக்டரின் கை கட்டுத்துணியோடு அப்படியே நின்றது. "என்ன க்ரீம்?"

சொன்னேன். ட்யூபு, குளியலறை, கோமதியின் அம்மா, எல்லாம். சொல்லச் சொல்ல டாக்டர் முகத்திலிருந்த தூக்கம் போய்விட்டது. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"மாடத்தியம்மா, அந்தப் பெட்டி இத்தனை நாளா தோலைப் படிக்கல. க்ரீமைப் படிச்சிருக்கு. சிவக்கலைன்னா ஏத்துன்னு அதுக்குச் சொல்லி வச்சிருக்கு. க்ரீம் மேல விழுந்த வெளிச்சம் எங்க சிவக்கும்? ஏத்திருக்கு. மறுபடியும் சிவக்கல. மறுபடியும் ஏத்திருக்கு. கடைசியில இந்த ஊர்த் தோலே இப்படித்தான்னு முடிவு பண்ணிட்டுது. க்ரீம் போடாம உள்ள போன ஆள் நீங்கதான்."

"அப்ப நான் பொய் சொல்லாம நின்னதுதான் தப்பா?"

அவர் எழுந்து மிச்சக் கட்டையும் சுற்றி முடித்தார். "பெட்டிக் கம்பெனிக்காரங்க திரையில விசாரணை வைப்பாங்க. நான் சொன்னா, டாக்டர் ஊகம்பாங்க. க்ரீம் போடுறவங்க ஒருத்தராவது வந்து ஆமான்னு சொல்லணும். சொன்னா அந்தக் கணக்கையே நிறுத்திடலாம்" என்றார்.

கோமதி வீட்டுக்குப் போனேன். வாசலில் பந்தக்கால் நட்டிருந்தது. அவள் அம்மா என் கட்டைப் பார்த்ததும், "ஐயோ, என்னாச்சு?" என்று கேட்டுவிட்டு, அடுத்த மூச்சில், "அப்ப ஜாக்கெட்டு?" என்றாள். துணியைத் திருப்பித் தந்தேன். பையின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்து வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். பட்ட காலிலே படும் என்று சும்மாவா சொன்னார்கள்.

கோமதி என்னைக் கொல்லைப்பக்கம் கூட்டிப்போனாள். விஷயத்தைச் சொன்னேன். என் கைக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது. ஆனால் தலை ஆடவில்லை.

"யக்கா, மாப்ள வீட்டுக்குப் படை இருக்கதே தெரியாது. நான் வந்து சொன்னா பெட்டிக்குப் போறது தெரியும். க்ரீம் போட்டேன்னு சொன்னா அது வேற. தாலி ஏறட்டும்க்கா. பெறகு சொல்லுதேன்."

"தாலி ஏறின பெறகு புருசன் இருப்பான், மாமியா இருப்பா. அப்ப வாய் தொறப்பியா?"

"என் இடத்துல நீங்க இருந்தா என்ன செய்வீங்க?"

"உன் இடத்துல நான் இருந்ததேயில்லடி. என்னைய அங்கன ஒருத்தனும் உக்கார வைக்கல."

சொன்னது கசப்பாகத்தான் இருந்தது. அவள் குனிந்து அழுதாள். எனக்கு அவளை அறையலாம் போலவும் இருந்தது, தலையைத் தடவலாம் போலவும் இருந்தது. இரண்டுக்கும் கை இல்லை. வாசல்வரை அவளும் கூடவே வந்தாள், உள்ளே மஞ்சள் அரைக்கிற வாசனை அடித்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"நலங்கு என்னைக்கு வைக்காங்க?"

"நாளைக்கு. மஞ்சளும் பயத்தமாவும் தேச்சுக் குளிக்கணும். பெறகு க்ரீம் எதுவும் போடக்கூடாதுன்னு அம்மா சொல்லுதா. அதுக்கு அடுத்த நாள் பெட்டிக்குப் போகணும். கல்யாணத்துக்கு முன்னால கடைசியா ஒரு தடவ."

மஞ்சளும் மாவும் தேய்த்துக் கழுவிய வெறும் முதுகோடு, அந்த அளவு வெளிச்சத்துக்குள் இவள் போய் நிற்கப்போகிறாள். முகூர்த்தத்தன்று முதுகு என் கை மாதிரி இருக்கும். ஒரு நொடி, ஒரே நொடி, போகட்டுமே என்று இருந்தது. இவளுக்கும் வெந்தால் இவள் அம்மாவே விசாரணைக்கு ஓடி வருவாளே.

"ஏட்டி, கேளு. போகாத. போயே ஆகணும்னா, அந்தக் க்ரீமத் தேச்சுட்டுப் போ. நல்லா, அப்பி அப்பித் தேச்சுட்டுப் போ" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

விசாரணை பெட்டி இருந்த அறையிலேயே நடந்தது. திரையில் மூன்று பேர், சென்னையிலிருந்து, நல்ல தமிழில் பேசினார்கள். டாக்டர் விளக்கினார். நடுவில் இருந்தவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, வரிசையில் உட்கார்ந்திருந்த பெண்களைப் பார்த்து, "உங்களில் யாராவது சிகிச்சைக்கு முன் க்ரீம் பூசுகிறீர்களா?" என்றார்.

ஒருத்திகூட ஆமாம் என்று சொல்லவில்லை. ஒவ்வொரு பைக்குள்ளும் ட்யூபு இருந்தது எனக்குத் தெரியும். ஒருத்தி பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். இன்னொருத்தி, "எங்களுக்கு எதுக்கு சார் க்ரீமு" என்றாள்.

"மாடத்தி அவர்களே, நீங்கள் யாரையாவது பார்த்தீர்களா? பெயர் சொல்ல முடியுமா?"

பெயர் நாக்கு நுனியில் இருந்தது. கோமதி என்று மூன்றெழுத்து சொன்னால் கணக்கு நிற்கும். கல்யாணமும் நிற்கும். "எல்லாரும்தான் போடுதாங்க. பேரு தெரியாது" என்றேன். என்னை நல்லவள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். வந்த ஆத்திரத்தில் அந்தத் திரையை உடைத்திருப்பேன், கை மட்டும் கையாக இருந்திருந்தால்.

முடிவை அன்றைக்கே சொன்னார்கள். பெட்டியில் தவறில்லை. இந்தப் பகுதியின் பெண்களோடு ஒப்பிட்டால் என் தோல் இயல்புக்கு மாறானது. அதனால் அதை விதிவிலக்கு என்று குறித்துக்கொள்கிறார்கள். குதிரை கீழே தள்ளியதுமில்லாமல் குழியும் பறித்ததாம். இந்தக் கரிசல் வெயிலில் பிறந்து, வளர்ந்து, ஒரு நாளும் ஒன்றையும் பூசாத தோல் என்னுடையது. இந்த ஊரில் இயல்பில்லாத தோல் அதுவாம்.

கோமதிக்குக் கல்யாணம் நல்லபடியாக நடந்தது. க்ரீமை அப்பிக்கொண்டுதான் போனாளாம். சங்கரன்கோவில் டைலர் தைத்த ஜாக்கெட் தோளில் தூக்கிக்கொண்டு நின்றதைப் போட்டோவில் பார்த்தேன். முதுகு பளிச்சென்று இருந்தது. பிறகு சொல்லுகிறேன் என்றவள் இதுவரை சொல்லவில்லை.

கொப்புளம் ஆறியது. ஆனால் சுட்ட இடத்தை இந்தப் படை விடாது. ஆறிய புண் மேலேயே செதில் ஏறியது, முன்னைவிடத் தடிப்பாக. தை மாதம் கடையைச் சாத்தி வைத்திருந்தேன். வேறு ஊர்களிலும் இரண்டு மூன்று பேருக்கு வெந்தது என்று டாக்டர் ரகசியமாகச் சொன்னார். அப்புறம் அவரையும் மாற்றிவிட்டார்கள்.

கம்பெனி தப்பை ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் ஒரு நாள் பெட்டி வாசலில் போர்டு மாட்டினார்கள்: 'சிகிச்சைக்கு முன் கட்டாயம் க்ரீம் பூசிக்கொள்ளவும்.' பக்கத்தில் ஒரு கூடை நிறைய ட்யூபு, இலவசம். எல்லாப் பெட்டிகளுக்கும் மறுபடி அடியிலிருந்து பாடம் சொல்லிக் கொடுப்பதைவிட, ஊருக்கெல்லாம் க்ரீம் கொடுப்பது மலிவு. போகுமுன் டாக்டர் ரெஜினா என்னிடம் சொன்னது அதுதான்: "போட்டுக்கோங்கம்மா. இனிமே வேற வழி இல்ல."

பங்குனியில் போனேன். எனக்கு வேறு கைகள் இல்லையே. கூடையிலிருந்து ட்யூபை எடுத்து, பிதுக்கி, நாற்பது வயதுக்கு மேல் முதன்முதலாக ஒரு க்ரீமை என் கையில் தேய்த்தேன். உள்ளே போனதும் கேமரா மேலும் கீழும் பார்த்தது.

"நன்றி, மாடத்தி அவர்களே. இன்று உங்கள் தோல் இயல்பாக இருக்கிறது."

வெளியே வந்தபோது எனக்குப் பின்னால் நின்றவள் போர்டுக்குக் கீழே திகைத்து நின்றாள். செங்கல் சூளையில் வேலை செய்கிறவளாம், முதல் தடவையாக வந்திருக்கிறாள். என்னைவிடக் கறுப்பு. கை முழுக்கச் செதில். எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"இந்தக் க்ரீமு எனக்கு எதுக்குக்கா? கறுக்கதுக்கு இன்னும் எங்கிட்ட என்ன இருக்கு?"

வரிசை சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் கையைப் பிடித்து, ட்யூபை அழுத்தினேன்.

"தேச்சுக்கிடு தாயி. இந்த ஊர்ல எல்லாரும் தேய்க்கோம்."